அர்த்தம் தெரியும்... வாக்கியம் வருமா?

2017 மே மாதம். தன்னைப் பற்றித் தொலைக்காட்சியில் ஓடிய செய்திகளை மறுத்து, காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் ட்விட்டரில் சில வரிகள் எழுதினார். அதில் 'ஃபராகோ' என்று ஒரு சொல். விவகாரம் என்ன, நியாயம் யார் பக்கம் என்பதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, ஊரே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடக் கிளம்பியது. 'தாறுமாறான கலவை' என்றது அகராதி.

சரி, அர்த்தம் கிடைத்துவிட்டது. இதை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றால்? 'எங்கள் பாட்டி வைக்கும் அவியல் ஒரு பிரமாதமான ஃபராகோ' என்று ஒருவர் எழுதலாம். அவியல் கலவைதானே! அகராதி சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்த வாக்கியத்தைத் தப்பென்று சொல்ல வழியே இல்லை. ஆனால், ஆங்கிலத்தில் ஊறிய யாரும் இதைப் படித்தால் சிரித்துவிடுவார்கள். பொய், புரட்டு, அரைவேக்காட்டுத் தகவல் என்று வேண்டாதவையெல்லாம் ஒன்றாகக் குவியும்போது எரிச்சலோடு சொல்லும் சொல் அது. 'கலவை' என்ற அர்த்தத்தில் அந்த எரிச்சல் இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் இப்படி எரிச்சலும் இல்லாமல், வாசனையும் இல்லாமல்தான் ஆயிரக்கணக்கான சொற்களை உருப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ, மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ நுழைந்து, வங்கித் தேர்வுக்கோ எஸ்.எஸ்.சி.க்கோ தயாராகும் ஒருவரின் வொக்காபுலரி நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். ஸ்கேல் வைத்து மூன்று பத்தி பிரித்திருப்பார்கள். முதல் பத்தியில் 'தி இந்து' தலையங்கத்தில் அடிக்கோடிட்ட சொல், இரண்டாவதில் சினானிம், மூன்றாவதில் தமிழ் அர்த்தம். மெட்டிகுலஸ் - வெரி கேர்ஃபுல் - மிகக் கவனமான. நோட்டோரியஸ் - ஃபேமஸ் - பெயர்பெற்ற. மிட்டிகேட் - ரெட்யூஸ் - குறைத்தல். கமிட் - டூ - செய்தல். பக்கம் பக்கமாக, முத்து முத்தான கையெழுத்தில். உழைப்பில் குறையே சொல்ல முடியாது. அந்தத் தலையங்கத்தில் அந்தச் சொல் எந்த வாக்கியத்தில் வந்தது என்று கேளுங்கள். நோட்டில் அது இருக்காது. வாக்கியத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பிய்த்து எடுத்து வந்திருக்கிறார்கள்.

இப்படிப் பிய்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளரும் பாட்ரிசியா கில்டியாவும் 1987-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை இன்றைக்கும் மொழி ஆசிரியர்களிடையே பிரசித்தம். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிய சொற்களையும் அவற்றுக்கான அகராதி விளக்கத்தையும் கொடுத்து, வாக்கியம் எழுதச் சொன்னார்கள். 'இரோட்' என்றால் அரித்துத் தின்பது. விளக்கத்தில் 'ஈட் அவுட்' என்று இருந்ததைப் பார்த்த குழந்தை, ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவது என்று எடுத்துக்கொண்டு, எங்கள் குடும்பம் அடிக்கடி இரோட் செய்யும் என்று எழுதியது. 'ஸ்டிமுலேட்' என்பதற்கு 'ஸ்டிர் அப்' என்று போட்டிருந்தது. ஒரு அம்மையார் சூப்பை ஸ்டிமுலேட் செய்தார். 'மெட்டிகுலஸ்' மிகக் கவனமான என்பதால், மலையுச்சியிலிருந்து விழுந்துவிடாமல் மெட்டிகுலஸாக இருந்தது இன்னொரு பிள்ளை. அத்தனை பேரும் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் என்பதைக் கவனியுங்கள். அகராதியை அவர்கள் தப்பாகப் படிக்கவில்லை. விளக்கத்தில் தங்களுக்குத் தெரிந்த ஒரு துண்டைப் பிடித்து, அது வரும் வாக்கியம் ஒன்றை யோசித்து, அந்த இடத்தில் புதுச் சொல்லைச் செருகினார்கள். நம் மூன்று பத்தி நோட்டும் இதைத்தான் செய்யச் சொல்கிறது.

பட்டியல் மோகம் நமக்குப் புதிதும் இல்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களைச் செய்யுளாகக் கட்டி, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன்களை ஒப்பிக்க வைத்த நிகண்டு மரபு நம்முடையது. அச்சுக்காலத்தில் அது அருஞ்சொற்பொருளாகி, கோனார் உரையில் புகுந்து, பள்ளிப் பாடநூலில் 'சொல்லும் பொருளும்' என்று இன்றைக்கும் நிற்கிறது. ஆனால், நிகண்டு படித்தவன் கூடவே இலக்கியமும் படித்தான். மனப்பாடம் செய்த சொல் அடுத்த மாதமே ஒரு பாட்டில் எதிரே வந்து நின்றது. வங்கித் தேர்வு நோட்டில் ஏறிய சொல்லுக்கு அந்த யோகம் வாய்ப்பதில்லை. தேர்வு முடிந்ததும் நோட்டு பரணுக்குப் போய்விடும்.

ஆங்கிலேயரும் ஆரம்பத்தில் இப்படித்தான். 1604-ல் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் வெளியிட்ட முதல் ஆங்கில-ஆங்கில அகராதி, சுமார் 2,500 கடினச் சொற்களின் பட்டியல். சொல், பக்கத்தில் ஓர் எளிய சொல், அவ்வளவே. 1755-ல் சாமுவேல் ஜான்சன் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கு அகராதி செய்தபோதுதான் எழுத்தாளர்களின் வாக்கியங்களை ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்துப் போட்டார். மேற்கோளில் மன்னர். விளக்கத்தில் சில இடங்களில் வாசகரைக் கைவிட்டுவிடுவார். 'நெட்வொர்க்' என்ற சாதாரணச் சொல்லுக்கு அவர் எழுதிய விளக்கத்தில் 'ரெட்டிகுலேட்டட்', 'டெகஸேட்டட்', 'இன்டர்ஸ்டிஸஸ்' என்று மூன்று சொற்கள் வருகின்றன. வலை எதுவென்று தெரியாமல் வந்தவர் மூன்று வலையில் சிக்கிக்கொள்வார். ஆங்கிலேயருக்கு அது வேடிக்கை. வெளியூரிலிருந்து ஆங்கிலம் கற்க வந்தவருக்கு அது சுவர்.

டாக்காவும் டோக்கியோவும்

அந்தச் சுவரை உடைத்தவர்கள் லண்டனில் உட்கார்ந்திருந்த பண்டிதர்கள் இல்லை. மாணவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று தினமும் வகுப்பில் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார்கள். அதிலும் ஆசியாவில் வேலை பார்த்தவர்கள். இந்தக் கதை இங்கே அதிகம் சொல்லப்பட்டதில்லை.

மைக்கேல் வெஸ்ட், பிரிட்டிஷ் இந்தியாவின் கல்விப் பணியில் சேர்ந்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர். வங்காளப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாமாக வாசிக்க முடியாமல் நிற்பதைப் பார்த்தார். வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றி அவர் எழுதிய அறிக்கை 1926-ல் வந்தது. பாடப்புத்தகத்தில் தேவையில்லாத அரிய சொற்கள் மண்டிக் கிடக்கின்றன. அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடுத்து நிறைய வாசிக்க வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1935-ல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து ஓர் அகராதி கொண்டுவந்தார். சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம். அத்தனை விளக்கங்களையும் எழுதப் பயன்படுத்தியது வெறும் 1,490 சொற்கள்! அந்த ஆயிரத்துச் சொச்சம் சொற்கள் தெரிந்த மாணவன், அகராதியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மிரள வேண்டியதில்லை. ஒரு சொல்லைத் தேடிப் போய் இன்னொரு சொல்லைத் தேடி, அதிலிருந்து மூன்றாவதைத் தேடி அலையும் தலைவிதி முதல்முறையாக ஒழிந்தது. இன்றைக்கு நாம் கையில் வைத்திருக்கும் மாணவர் அகராதிகள் எல்லாவற்றுக்கும் இந்த யோசனைதான் அஸ்திவாரம். 1978-ல் வந்த லாங்மேன் அகராதி, சுமார் 2,000 சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் அடக்கியது அதே வழியில்தான்.

விளக்கத்தை வெஸ்ட் எளிதாக்கினார் என்றால், வாக்கியத்தைக் கொண்டுவந்தது டோக்கியோ. 1922-ல் ஜப்பானியக் கல்வித் துறை, ஹெரால்ட் பாமர் என்பவரை ஆங்கிலப் போதனைக்கு ஆலோசகராக அழைத்தது. அடுத்த ஆண்டே ஓர் ஆய்வுக் கழகம் தொடங்கினார் பாமர். 1924-ல் கியூஷு தீவின் ஓய்டா நகரத்துக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கப் போய்ச் சேர்ந்தார் ஆல்பர்ட் ஹார்ன்பி. இலக்கியம் கிடக்கட்டும், பிள்ளைகளுக்கு முதலில் மொழி வேண்டும் என்பது அங்கே அவருக்குப் புரிந்தது. பாமரோடு சேர்ந்து எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வழக்கமாகச் சேர்ந்து வரும் என்று தேடித் தேடித் தொகுத்தார். 1936-ல் பாமர் ஊர் திரும்பிய பிறகும் ஹார்ன்பி விடவில்லை. கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இரு சகாக்களோடு ஓர் அகராதியை முடித்தார். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் அது எந்த அமைப்பில் வரும் என்று எண்ணிட்டுக் காட்டி, எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கொட்டிய அகராதி அது.

அதற்குள் போர் மூண்டது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு எதிரி நாட்டுப் பிரஜையாக ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டார். 1942-ல்தான் நாடு திரும்ப முடிந்தது. பிரிட்டனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே ஜப்பானில், அதே 1942-ல், டோக்கியோவின் கைத்தாகுஷா பதிப்பகம் அந்த ஆங்கில அகராதியை வெளியிட்டது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வாங்கி மறுபதிப்பாகப் போட்டது. கல்லூரி மாணவர்கள் கையில் புரளும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் பூர்வீகம் இதுதான்.

வினைச்சொல்லின் அமைப்பை ஏன் அவ்வளவு மெனக்கெட்டுக் காட்டினார்? நம்மிடமே சாட்சி இருக்கிறது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாத பட்டதாரி தமிழ்நாட்டில் கிடையாது. அதே பட்டதாரிதான் அலுவலகத்தில் 'டிஸ்கஸ் அபௌட்' என்று மெயில் எழுதுகிறார். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் ஓடும் வாக்கியம், அந்த 'பற்றி'யையும் கையோடு இழுத்து வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' நேரே போய் விஷயத்தில் முட்டும். நடுவில் எதுவும் நிற்காது. 'கோப் அப் வித்' என்று நாடே சொல்லும் தொடரில் 'அப்' வீண். எத்தனை தரம் அர்த்தம் படித்தாலும் இந்தப் பிசகு தெரியவராது. ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தை ஊன்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சொல்லுக்கும் இனம் உண்டு

ஜே.ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர், 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். பிற்பாடு லண்டனில் மொழியியலுக்கே ஒரு மரபை உண்டாக்கினார். ஒரு சொல்லை அறிய வேண்டுமானால் அது யாரோடு சேர்ந்து புழங்குகிறது என்று பார் என்பது 1957-ல் அவர் சொன்ன கருத்து. சிற்றினம் சேராமை அதிகாரத்தில் வள்ளுவர் மனிதர்களுக்குச் சொன்னதை ஃபர்த் சொற்களுக்குச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம்.

'கமிட்' என்ற சொல்லை எடுங்கள். கோலிவுட்டில் நடிகர்கள் புதுப் படத்தில் 'கமிட்' ஆவது தனிக்கதை, அதை விட்டுவிடுவோம். நோட்டில் 'செய்தல்' என்று எழுதி வைத்திருக்கும் அர்த்தம் தப்பில்லை. அதற்காக வீட்டுப்பாடத்தை 'கமிட்' செய்ய முடியாது. உதவியை 'கமிட்' செய்ய முடியாது. குற்றம், கொலை, மோசடி, தவறு இவற்றைத்தான் செய்யலாம். இது ஏதோ ஆங்கிலத்தின் கோணங்கித்தனம் என்று நினைக்க வேண்டாம். தமிழில் 'இழைத்தல்' என்றொரு வினை இருக்கிறது. துரோகம் இழைப்பான், அநீதி இழைப்பான், தீங்கு இழைப்பான். யாராவது நன்மை இழைத்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? எந்த வாத்தியாரும் நமக்கு இதை விதியாகச் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டு, படித்துப் படித்துத் தானாகப் படிந்தது. ஆங்கிலத்தில் அந்தக் கேள்வி ஞானம் இல்லாதவருக்கு, அதை ஓரளவு ஈடுகட்ட இருக்கும் ஒரே வழி எடுத்துக்காட்டு வாக்கியம்.

ஃபர்த்தின் வழியில் வந்த ஜான் சின்க்ளேர், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கணினியை வைத்து இதைப் பெரிய அளவில் செய்தார். புத்தகம், பத்திரிகை, பேச்சு என்று நிஜ ஆங்கிலத்தைக் கணினியில் கொட்டி, ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று வரிசையாக எடுத்துப் பார்த்தார்கள். கோபில்டு என்ற பெயரில் 1987-ல் காலின்ஸ் வெளியிட்ட அகராதி அந்த உழைப்பின் பலன். அதுவரை எடுத்துக்காட்டு வாக்கியங்களை அகராதிக்காரரே உட்கார்ந்து யோசித்து எழுதுவது வழக்கம். கோபில்டோ மனிதர்கள் உண்மையில் பேசியதையும் எழுதியதையும் எடுத்துப் போட்டது. விளக்கத்தையே முழு வாக்கியமாக மாற்றியது. 'ஒருவர் ஒரு குற்றத்தையோ பாவத்தையோ கமிட் செய்தால்...' என்ற தோரணையில் ஆரம்பிக்கும். விளக்கத்துக்குள்ளேயே சொல்லின் கூட்டாளிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 'செட் இன்' என்ற வினை பெரும்பாலும் அழுகல், சோர்வு, விரக்தி போன்ற வேண்டாதவற்றோடுதான் வருகிறது என்று சின்க்ளேர் எடுத்துக்காட்டியது இந்தக் கணினிக் குவியலிலிருந்துதான். தாய்மொழிக்காரருக்கே சொன்னால்தான் உறைக்கும் விஷயம் இது.

தமிழிலும் இதற்கு இணையான ஒரு வேலை நடந்திருக்கிறது. க்ரியா ராமகிருஷ்ணன் முன்னின்று 1992-ல் கொண்டுவந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி', நாம் இன்று எழுதும், பேசும் தமிழிலிருந்து சொல்லை எடுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் சொல்லி, எடுத்துக்காட்டு வாக்கியமும் தந்தது. விரிவாக்கிய மூன்றாம் பதிப்பு 2020-ல் வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அவர் மறைந்தார். ஆங்கிலம் கற்பவர்களுக்கும் அந்த அகராதியைச் சிபாரிசு செய்வேன். தமிழ்ச் சொல்லிலிருந்து கிளம்பி, அதன் நுட்பத்துக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பது தனி ருசி.

ஒரு பதிவை எப்படிப் படிப்பது?

அகராதியில் ஒரு சொல்லைப் பார்ப்பது என்றால் பலருக்கு அரை நிமிட வேலை. அர்த்தத்தின் மேல் கண் பட்டதும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இப்போது ஆப்பை மூடுகிறார்கள். 'மிட்டிகேட்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் விளக்கம். மாணவர் அகராதிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்கின்றன: ஒன்றின் தீமையை, கடுமையை, வலியைக் குறைப்பது. நம் நோட்டில் 'குறைத்தல்' மட்டும் வந்து சேர்ந்தது. 'தீமையை' என்பது வழியிலேயே விழுந்துவிட்டது. உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. உடம்பு எடையை 'மிட்டிகேட்' செய்ய முடியாது. காய்கறி விலையை முடியாது. வெள்ளத்தின் பாதிப்பை முடியும், ஆபத்தை முடியும், பருவநிலை மாற்றத்தின் விளைவை முடியும்.

அடுத்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் 'ஃபார்மல்' என்ற குறிப்பு. அதை யாருமே படிப்பதில்லை. சொல் வேட்டி கட்டிக்கொண்டு சபையில் உட்காருவதா, லுங்கியோடு டீக்கடையில் நிற்பதா என்று சொல்வது அந்தக் குறிப்புதான். அறிக்கையில், தலையங்கத்தில், நீதிமன்றத்தில் 'மிட்டிகேட்' வரும். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டதை நண்பனிடம் சொல்லும்போது வராது. உயர்ந்த சொல் படித்த கையோடு, 'ஈட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நான் நான்கு இட்லி கன்ஸ்யூம் செய்தேன்' என்று நேர்முகத் தேர்வில் பேசினால், எதிரே இருப்பவருக்குச் சொல்வளம் தெரியாது, வேஷம்தான் தெரியும்.

பிறகு வாக்கியங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் இருப்பதையெல்லாம் படிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன், காலின்ஸ் எல்லாமே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரே சொல்லை இரண்டில் பார்த்தால் எந்தக் கூட்டாளி திரும்பத் திரும்ப வருகிறார் என்று பிடிபட்டுவிடும். நீதிமன்றச் செய்திகளில் இந்தச் சொல் பெயரடையாக மாறி, தண்டனையைக் குறைக்கத் தகுந்த சூழ்நிலைகள் என்று வருவதும் அங்கேயே தெரிந்துவிடும். கடைசியாக, நாமே ஒரு வாக்கியம். எங்கோ லண்டன் வாக்கியமாக இருக்க வேண்டாம். 'சதுப்புநிலங்கள் சென்னை வெள்ளத்தின் பாதிப்பை மிட்டிகேட் செய்யும்' என்று பள்ளிக்கரணையை நினைத்து ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். சொல் நம் ஊருக்குக் குடிவந்துவிடும்.

இது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. ஹுல்ஸ்டைன், லாஃபர் என்ற இருவர் நெதர்லாந்திலும் இஸ்ரேலிலும் ஆங்கிலம் கற்கும் மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு, ஓரத்தில் அர்த்தம் கொடுத்த பகுதியை வாசித்தது. ஒரு பிரிவு கோடிட்ட இடத்தை நிரப்பியது. மூன்றாவது பிரிவு அந்தச் சொற்களைப் பயன்படுத்திச் சொந்தமாக எழுதியது. எழுதியவர்களுக்குத்தான் சொற்கள் அதிகம் நினைவில் நின்றன என்று 2001-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. எழுதுவதற்கு நேரம் அதிகமாகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், நூறு சொல்லை வாசித்து எண்பதை மறப்பதற்கும் நேரம் செலவாகத்தானே செய்கிறது?

மறதியைப் பற்றி ஒரு வார்த்தை. 1885-லேயே ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்பவர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, படித்தது முதல் நாளிலேயே மளமளவென்று கரைவதையும், இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் படித்தால் தங்குவதையும் எழுதி வைத்தார். 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் அதை அட்டைப் பெட்டி முறையாக்கினார்: தெரிந்த அட்டை அடுத்த பெட்டிக்குப் போய் நாள் கழித்து வரும், தெரியாதது முதல் பெட்டிக்கே திரும்பும். இன்று செல்போனில் 'ஆன்கி' என்ற செயலி செய்வதும் அடிப்படையில் இதுதான். ஒரு திருத்தம் மட்டும்: அட்டையின் முன்பக்கத்தில் வெறும் சொல்லை எழுதாதீர்கள். சொல் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, முழு வாக்கியத்தை எழுதுங்கள்.

பயிற்சி மையங்களின் பிரியமான பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'சோகம்' என்ற தலைப்பில் மெலன்கலி, மொரோஸ், லுகுப்ரியஸ், டோல்ஃபுல் என்று ஒரே மூச்சில் பத்துச் சொல் கொடுப்பது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால், நெருங்கிய பொருளுள்ள சொற்களை ஒன்றாகக் கற்றால் ஒன்றோடொன்று குழம்பி, கற்பதே கடினமாகிறது என்று தாமஸ் டிங்கம் 1993-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார். பத்தும் ஒரே சோகத்தில் கரைந்து, தேர்வு அறையில் எது எதுவென்று தெரியாமல் நிற்பது நம் பிள்ளைதான்.

எந்தச் சொற்கள்?

வாட்ஸ்ஆப்பில் சுற்றும் '5,000 அட்வான்ஸ்டு சொற்கள்' பி.டி.எஃப்.களை நம்பி இறங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் கல்விசார் ஆங்கிலத்தை அலசி, எல்லாத் துறைகளிலும் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். கல்விசார் எழுத்தில் சுமார் 10 சதவீதம் இந்த 570-க்குள் அடங்கிவிடுகிறது. அவற்றில் பகட்டான சொல் ஏதும் இல்லை. அஸ்யூம், இம்ப்ளை, கன்சிஸ்டன்ட், சிக்னிஃபிகன்ட் என்று பார்த்துப் பழகிய முகங்கள்தாம். பழகியதாலேயே அவற்றைக் கற்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். 'லுகுப்ரியஸ்' தெரிந்தவரை, 'இம்ப்ளை'யும் 'இன்ஃபர்'ரும் எங்கே வேறுபடுகின்றன என்று கேட்டால் விழிக்கிறார். அதே பல்கலைக்கழகத்தின் பால் நேஷன், செய்தித்தாளையும் நாவலையும் தடங்கலில்லாமல் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று 2006-ல் கணக்கிட்டார். அத்தனையையும் பட்டியலில் கற்க ஆயுசு போதாது. சொற்களின் பெரும்பகுதி வாசிப்பில்தான் வந்து சேர வேண்டும். அகராதியும் நோட்டும் அந்த வாசிப்புக்குக் கைத்தடி.

தேர்வு நடத்துபவர்களே இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ., 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல் கேள்விகளைத் தூக்கிவிட்டு, வாக்கியத்துக்குள் பொருந்தும் சொல்லைத் தேடும் கேள்விகளை வைத்தது. அங்கே கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி.யிலும் 2016-ல் வாக்கியம் நிரப்பும் கடினச் சொல் கேள்விகள் போய், பத்திக்குள் ஒரு சொல் என்ன பொருளில் வருகிறது என்பது முக்கியமானது. நம் வங்கித் தேர்வில், பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்பச் சொல்லும் குளோஸ் டெஸ்ட் கேட்பதும் சொல்லின் இனத்தைத்தான். கொடுத்திருக்கும் எல்லா விடைகளுக்கும் அர்த்தம் தெரிந்தும் எது பொருந்தும் என்று தெரியாமல் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது அங்கேதான்.

தமிழ் அர்த்தம் பார்ப்பது பாவம் என்று சில ஆங்கில ஆசிரியர்கள் மிரட்டுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். புதுச் சொல்லைச் சட்டென்று பிடித்து உள்ளே இழுக்கத் தாய்மொழியைப் போன்ற கொக்கி வேறில்லை. லிஃப்கோ அகராதியில் ஆங்கில விளக்கத்தோடு தமிழ்ப் பொருளையும் பார்த்துப் படித்து ஆளான தலைமுறை ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. தமிழோடு நின்றுவிடுவதுதான் பிசகு. 'நோட்டோரியஸ்' என்றால் 'பெயர்பெற்ற' என்று எழுதாமல் 'கெட்ட பெயரெடுத்த' என்று எழுதியிருந்தால் பாதிச் சங்கடம் அங்கேயே தீர்ந்திருக்கும். மறுபாதிக்கு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தைப் பார்த்துச் சரி, தப்பு சொல்ல ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஆள்தான் இங்கே கிடைப்பதில்லை. மாநகரத்துப் பிள்ளைக்கு வீட்டிலோ நண்பர் வட்டத்திலோ யாராவது இருப்பார்கள். அரசுப் பள்ளியில் படித்து, சிற்றூரிலிருந்து கிளம்பி, விடுதியில் தங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு, தான் எழுதிய வாக்கியத்தைக் காட்ட ஒருவரும் இல்லை. அதனால்தான் அவர்கள் பட்டியலில் அடைக்கலம் தேடுகிறார்கள். பட்டியலுக்குத் திருத்துபவர் தேவையில்லை.

ஆகவே பயிற்சி மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத் தேர்வில் ஐம்பது சினானிம் கேட்பதை நிறுத்துங்கள். பத்தே சொல் கொடுத்து, பத்து வாக்கியம் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுங்கள். அதற்கு ஆசிரியர் வேண்டும், நேரமும் வேண்டும் என்பது தெரியும். அதற்காகத்தானே கட்டணம் வாங்குகிறீர்கள்?